புதுப்பிப்பு: ஜான் சீனா வில்லன் கதை கடைசியில் என்ன ஆச்சு?

கதை எழுதிவைத்து நடத்தும் WWE மல்யுத்த நிகழ்ச்சியின் நட்சத்திரம் சீனா. 2025 மார்ச்சில் டொராண்டோவில் அவர் வில்லனானதும் ஒரு பதிவு போட்டிருந்தேன். 'பிரேக்கிங் பேட்' தொடரின் நாயகன் வால்டர் ஒயிட் மாதிரி இவரையும் நிதானமாகக் கெடவிட்டால்தான் கதை நிற்கும் என்பது என் வாதம். "அப்புறம் என்னாச்சு ப்ரோ?" என்று இன்னும் கேட்கிறீர்கள்.

ஏப்ரலில் WWE-யின் பெரிய திருவிழாவான ரெசில்மேனியா 41-இல் சாம்பியன் கோடி ரோட்ஸை வீழ்த்தி 17-வது உலகப் பட்டம். சரி. ஆனால் டொராண்டோவில் சீனாவை வில்லனாக்கி இதையெல்லாம் தொடங்கிவைத்த ராக் (நடிகர் டுவைன் ஜான்சன்) அங்கே தலைகாட்டவே இல்லை! முதல் எபிசோடில் மாமியார் விஷம் வைத்துவிட்டு அதோடு சீரியலை விட்டே போனால் எப்படி இருக்கும்?

ஆகஸ்டில் சம்மர்ஸ்லாம் என்ற அடுத்த பெரிய நிகழ்ச்சிக்கு முந்தின நாள் ஒரு பேச்சு; சீனா மறுபடி நல்லவர். அவ்வளவுதான்.

டொராண்டோ காட்சியை மட்டும் இப்பவும் ஓட்டிப் பார்க்கிறேன். கோடியைக் கட்டிப்பிடித்தபடியே ராக்கைப் பார்ப்பார். ராக் கழுத்தை அறுப்பதுபோல் சைகை காட்டுவார். சீனா முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே வற்றும். வசனமே கிடையாது. எழுத்தாளர்கள்தான் கைவிட்டார்கள், நடிகர் இல்லை.

டிசம்பர் 13, கடைசி ஆட்டம். எதிராளி குந்தரின் பிடியில் சிரித்துக்கொண்டே கையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார். பலருக்குக் கோபம். எனக்குப் பிடித்திருந்தது.