சல்சா ஆடும் இடத்தில் இடியும் சுளுக்கும்: புதியவர்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பாளைக்காரி:
பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் ஒரு மாடி ஹாலில் ஞாயிறு சாயங்காலம் சல்சா என்ற ஜோடி நடனம் ஆடுகிறோம். பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்கள் தொடங்கியது. இப்போது கல்லூரிப் பிள்ளைகள், பேங்க்காரர்கள், ரிட்டயர்டான ஒரு தம்பதி என்று கூட்டம் சேர்ந்துவிட்டது. ஹால் சின்னது, கிரானைட் தரை. போன வாரம் ஒருவர் பின்னால் பார்க்காமல் பெரிய எட்டாக வைக்க, ஓர் அக்காவின் பெருவிரல் நகம் பெயர்ந்துவிட்டது. ஒரு பையன் யூடியூபில் பார்த்த தைரியத்தில், கேட்காமலே ஜோடியைச் சாய்த்துவிட்டான். அந்தப் பெண்ணுக்கு இடுப்புப் பிடிப்பு. வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட்டே சில பெண்கள் யார் கூப்பிட்டாலும் ஆடுகிறார்கள். விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டினோம், யாரும் படிக்கவில்லை. கறாராகப் பேசினால் வருகிற நாலு பேரும் நின்றுவிடுவார்கள். நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

வண்ணார்பேட்டை மாஸ்டர்:
சுவரில் ஒட்டுவதை விடுங்கக்கா. ஸ்டெப் தனி, மரியாதை தனி என்று பிரித்துச் சொன்னால் ஸ்டெப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நான் முதல் வகுப்பில் பாட்டே போடுவதில்லை, பிடியில்தான் ஆரம்பிப்பேன். லீட் பண்ணுகிறவர், அதாவது ஜோடியை வழிநடத்தி ஆடுகிறவர், கட்டைவிரலால் ஜோடியின் விரலை அமுக்கிக்கொண்டே சுற்றவிட்டால் மணிக்கட்டு திருகிக்கொள்ளும். கட்டைவிரலை ஒதுக்கி, மற்ற விரல்களை வளைத்துக் கொடுத்தால் போதும். ஜோடி தன் விரலை அதில் வைத்துக்கொள்வார். சுற்றும்போது கை அவர் உச்சந்தலைக்கு நேர் மேலே இருக்கட்டும். முன்பக்கம் இழுத்தால் தோள்பட்டைதான் வாங்கும். சரியாகப் பிடித்திருக்கிறார்களா என்று பார்க்க, சுற்று நடுவில் ஜோடியைத் திடீரென்று கையை எடுக்கச் சொல்வேன். எடுக்க வரவில்லையா, பிடி தப்பு. கையை முதுகுக்குப் பின்னால் மடக்கும்போதும் இதே சோதனைதான்.

காலுக்கு: 1-2-3, 5-6-7 என்று ஆறு ஸ்டெப்பும் ஒரு பாத நீளத்துக்குள்ளேயே. பின்னால் வைக்கும்போது குதிகால் உயரக் கூடாது, முன்பாதம் தரையோடு போகட்டும். ஜோடியை எதிர்ப்பக்கம் அனுப்புமுன் அந்த இடம் காலியா என்று லீட்தான் பார்க்க வேண்டும். ஆள் இருந்தால் அனுப்பாமல் அடிப்படை ஸ்டெப்பிலேயே நிற்கட்டும். சாய்ப்பது, தூக்குவது எல்லாம் நெருக்கடியில் கிடையவே கிடையாது.

அப்புறம் அந்த 'வேண்டாம்'. பந்தியில் இலைக்குக் குறுக்கே கையை நீட்டாமல் 'போதும்' சொல்லத் தெரியாத ஊர் நம்முடையது! அதனால் அதையும் பயிற்சியாகவே வைத்திருக்கிறேன். ஒருவர் கூப்பிட வேண்டும், மற்றவர் "இந்தப் பாட்டுக்கு வேண்டாம்" என்க வேண்டும், கூப்பிட்டவர் "சரி" என்று நகர வேண்டும். காரணம் கேட்கக் கூடாது. முதலில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

பாட்டு நடுவே ஜோடிக்குப் பாடம் எடுக்கிற ஆசாமி ஒருவர் எல்லா இடத்திலும் இருப்பார். பெரும்பாலும் அவருக்கே தாளம் நிற்காது. அவரையும் கவனியுங்கள்.

கோலாட்ட அத்தை:
சல்சா எனக்குத் தெரியாதும்மா. கோயில் விசேஷத்துக்குப் பிள்ளைகளுக்குக் கோலாட்டம் சொல்லிக்கொடுக்கிறேன். கம்பையே பார்க்கிற பிள்ளைதான் எதிரில் நிற்பவள் விரலில் அடிக்கும். "ஏட்டி, அவ மூஞ்சியப் பாரு" என்பேன். வெறுங்கையால் தட்டிப் பழகி, அடவு படிந்த பிறகுதான் கம்பு. மோதிரம், வளையலைக் கழற்றி, தாவணியை இடுப்பில் செருகிவிட வேண்டும். நீளச் சடையைக் கொண்டை போடச் சொல்லுங்கள், வேகமாகச் சுற்றினால் கண்ணில் அடிக்கும்.

பிசியோ தம்பி:
சுளுக்கினால் உடனே எண்ணெய் போட்டு உருவிவிட ஓடாதீர்கள், வீக்கம் கூடும். துணியில் சுற்றிய ஐஸ் 15-20 நிமிடம் வைத்து, காலை உயர்த்தி வையுங்கள். நாலு எட்டு ஊன்றி நடக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுக்கத்தான் வேண்டும். தரையைப் பிடிக்கும் ரப்பர் சோல் ஷூ ஆகாது. உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது, முழங்கால் மாட்டிக்கொள்ளும். கிரானைட்டில் வெறும் சாக்ஸும் வேண்டாம், வழுக்கும்.

பாளைக்காரி:
நன்றி! கையை எடுக்கிற சோதனையை இந்த ஞாயிறே செய்து பார்க்கிறேன். சாய்த்த பையனை என்ன செய்ய? ஆள் நல்லவன்தான்.

வண்ணார்பேட்டை மாஸ்டர்:
நல்லவன் என்றால் சொன்னால் கேட்பான். எல்லார் முன்னாலும் வேண்டாம், பாட்டு முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டு நீங்களே சொல்லுங்கள். அந்தப் பெண்ணைச் சொல்லவிடாதீர்கள். திரும்பவும் செய்தால் அன்றைக்கு அவன் ஆட வேண்டாம், உட்கார்ந்து பாட்டுப் போடட்டும்.