அம்மாவுக்கு தினமும் மவுத்வாஷ் கொடுக்கலாமா?

செந்தூல் மகள்:
அம்மாவுக்கு 78 வயது. சர்க்கரை நோய் இருக்கிறது, பல் செட் போடுகிறார். நாக்கில் வெள்ளையாகப் படிந்து, காரம் பட்டாலே எரிகிறது என்கிறார். ரசம் சாதம்கூட இறங்கவில்லை. பார்மசியில் குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் தந்தார்கள். தினமும் கொடுக்கலாமா?

பட்டர்வொர்த் அக்கா:
முதியோர் இல்லத்தில் பல வருடம் வேலை பார்த்தவள் நான், தங்கச்சி. அந்த வெள்ளை பூஞ்சையாக இருக்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கும் பல் செட்டோடு தூங்குபவர்களுக்கும் இது அடிக்கடி வரும். அதற்குப் பூஞ்சை மருந்து வேண்டும். மவுத்வாஷை நம்பி நாளைக் கடத்தாமல் பல் டாக்டரிடம் காட்டுங்கள்.

அவர் குளோர்ஹெக்சிடின் 0.2% கொடுக்கச் சொன்னால், வழக்கமாக 10 மில்லி, 1 நிமிடம் கொப்பளித்துத் துப்ப வேண்டும், காலையும் இரவும். பல் துலக்கிய உடனே வேண்டாம், பேஸ்ட் அதன் வேலையைக் கெடுக்கும். அரை மணி நேரம் விடுங்கள். நீண்ட நாள் போட்டால் பல்லில் பழுப்பு ஏறும், ருசியும் மாறும்.

அப்புறம், ராத்திரி பல் செட்டைக் கழற்றி, பிரஷால் தேய்த்து, தண்ணீரில் போடுங்கள். மவுத்வாஷைவிட எனக்கு இதுதான் பெரிது.

பிரிக்பீல்ட்ஸ் தம்பி:
அக்கா, அப்பாவுக்குப் பக்கவாதம், விழுங்கச் சிரமப்படுகிறார். அவரும் கொப்பளிக்கலாமா?

பட்டர்வொர்த் அக்கா:
வேண்டவே வேண்டாம் தம்பி. புரையேறி நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். நேராக உட்காரவைத்து, மென்மையான பிரஷால் துலக்கி, நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். கன்னத்தின் உள்பக்கத்தையும் பாருங்கள், சோறு அங்கேதான் தங்கும்.

செந்தூல் மகள்:
சரி அக்கா, நாளைக்கே அழைத்துப் போகிறேன்.