கிரீமையும் மாற்றியாச்சு, பிரஷையும் மாற்றியாச்சு, நுரை எங்கே?

பல்லடம்ரோடு:
வணக்கமுங்க. மூன்று மாதம் முன்புவரை கோவை ஆர்.எஸ்.புரத்தில் இருந்தேன். அங்கேதான் கேன் நுரையை விட்டுவிட்டு, பிரஷும் டியூப் கிரீமும் டபுள் எட்ஜ் ரேசரும் வாங்கி ஷேவிங் பழகினேன். ஓர் அவரைக்கொட்டை அளவு கிரீம், ஒரு நிமிடம் சுற்றினால் போதும், பொங்கல் பானை மாதிரி பொங்கும். காலையில் அந்தப் பத்து நிமிடம் எனக்கு அவ்வளவு பிடித்துப்போய்விட்டது.

இப்போது வேலை திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில். வீடு பல்லடம் ரோட்டுப் பக்கம். அதே கிரீம், அதே பிரஷ், அதே முகம். நுரை மட்டும் வருவதில்லை. தயிரில் தண்ணீர் விட்ட மாதிரி திரிந்து நிற்கிறது. வலது கன்னம் முடித்து இடது கன்னத்துக்கு வருவதற்குள், சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி காய்ந்துவிடுகிறது. கிரீம் போலியோ என்று வேறு டியூப் வாங்கினேன். பிரஷ் பழசாகிவிட்டதோ என்று அதையும் மாற்றினேன். நெட்டில் பார்த்துப் பிரஷை அரை மணி நேரம் ஊறவும் வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. கழுத்தெல்லாம் சிவந்து பொரிப்பொரியாக இருக்கிறது. "ஏங் கண்ணு, கொசு கடிச்சுதா?" என்று ஆத்தா தினமும் கேட்கிறார்.

கையில் பழக்கம் விட்டுப்போய்விட்டதா, வேறு ஏதாவதா?

சலூன்பெஞ்ச்:
கிரீமை இன்னும் கொஞ்சம் தாராளமாகப் பிதுக்குங்க, டியூப்பைப் பேரனுக்கா சேர்த்து வைக்கப் போறீங்க? முதலில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு அதன்மேல் போட்டால் பிளேடு வழுக்கும். என் அனுபவம். அதுவும் ஆகாவிட்டால் பழையபடி கேன்தான்.

சாயக்காரர்:
தம்பி, கை மேலும் குற்றமில்லை, கிரீம் மேலும் குற்றமில்லை. கோவையில் உங்கள் குழாயில் வந்தது சிறுவாணி. இங்கே வருவது போர் தண்ணீர். நீங்கள் மாற்றாமல் விட்டது தண்ணீர் ஒன்றைத்தான்.

நான் சாயப்பட்டறையில் முப்பது வருடம் டையிங் மாஸ்டராக இருந்தவன். துணியை இறக்குவதற்கு முன்னால் நாங்கள் பார்ப்பது தண்ணீரின் கடினத்தன்மையை, அதாவது அதில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்பின் அளவை. குடுவையில் எடுத்துச் சோதனைச் சொட்டு விட்டால் தண்ணீர் கருஞ்சிவப்பாகும். அந்த உப்பைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ என்கிற ரசாயனக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் சட்டென்று நீலமாகும். எத்தனை மில்லி செலவானது என்பதுதான் கணக்கு. குடிநீருக்கே லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்றுதான் இந்தியத் தரக் கணக்கு, வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை. அந்த 600-ஐயும் தாண்டிய போர்களை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அந்தத் தண்ணீரை அப்படியே சோப்பு போடும் தொட்டியில் விட்டால் துணியெல்லாம் திட்டுத் திட்டாகப் பிசுக்குப் பிடிக்கும். உங்கள் கன்னத்திலும் அதுதான் நடக்கிறது.

ஷேவிங் கிரீம் என்பதும் சோப்புதான். சோடா காரத்தில் செய்தால் கட்டியாக வரும், பொட்டாஷ் காரத்தில் செய்தால் குழைவாக வரும். தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் அதிலுள்ள கொழுப்பு அமிலத்தைப் பிடித்துக்கொண்டு, கரையாத வெள்ளைப் பிசுக்காகிவிடும். பாத்ரூம் தரையில் வழுக்குவதும் அதே சரக்கு. கேன் நுரை எப்படி வருகிறது என்று கேட்பீர்கள். அதற்கு வேண்டிய நல்ல தண்ணீரைக் கம்பெனியிலேயே சேர்த்து அடைத்துவிடுகிறார்கள், உங்கள் குழாயிடம் அது ஒன்றும் கேட்பதில்லை.

நம்பிக்கை இல்லையென்றால் இரண்டு காலி பாட்டில் எடுங்கள். ஒன்றில் போர் தண்ணீர், இன்னொன்றில் குடிக்கிற கேன் தண்ணீர், இரண்டிலும் மிளகளவு கிரீம். மூடிக் குலுக்கிப் பாருங்கள்.

காய்ச்சினால் போதுமா என்றால், பாதிக் கிணறுதான் தாண்டும். வெந்நீர் போடும் வேம்பாவுக்குள் வெள்ளையாகக் காரை கட்டுகிறதே, காய்ச்சும்போது வெளியேறும் பங்கு அது. மிச்சம் தண்ணீரிலேயே நிற்கும்.

ஆகவே ஒரு டம்ளர் கேன் தண்ணீரைச் சூடு செய்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முகத்தைக் குளிக்கிற தண்ணீரில் கழுவி இரண்டு மூன்று நிமிடம் ஈரமாகவே விடுங்கள், முடி தண்ணீர் குடித்தால்தான் இளகும். அப்புறம் டம்ளர் தண்ணீரை ஒரு கை எடுத்துத் தடவுங்கள். பிரஷை டம்ளரில் நனைத்து நன்றாக உதறிவிட்டு, முக்கால்வாசி காய்ந்த நிலையில் கிரீமைத் தொடுங்கள். எல்லோரும் தப்புச் செய்வது இங்கேதான், சொட்டச் சொட்ட நனைத்துவிட்டு நுரை நிற்கவில்லை என்பார்கள். முதலில் பசை மாதிரி இருக்கட்டும். அப்புறம் பிரஷின் நுனியை மட்டும் தண்ணீரில் தொட்டுத் தொட்டுச் சுற்றுங்கள். மூன்று நான்கு தடவை தொட்டபிறகு பளபளவென்று தோசைமாவுப் பதத்துக்கு வரும். குமிழி பெரிது பெரிதாகத் தெரிந்தால் தண்ணீரோ காற்றோ அதிகமாகிவிட்டது என்று அர்த்தம்.

எண்ணெய் சொன்ன தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம். எண்ணெய் நுரையை அமுக்கும். ஏற்கெனவே நோஞ்சானாக இருக்கும் நுரைக்கு அது எதற்கு?

கோபிக்காரன்:
பெரியவர் சொல்வது சரி. எங்களுக்கு பவானித் தண்ணீர், இந்தத் தொல்லை இல்லை. இரண்டு விஷயம் மட்டும்.

ஊறவைக்க வேண்டியது பன்றிமுடி பிரஷை. நைலான் நார் பிரஷ் என்றால் நனைத்தால் போதும். 'ப்யூர் பிரிஸ்டில்' என்று போட்டு வருவது பெரும்பாலும் பன்றிமுடிதான். வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்தால் பொடக்காணிக்கு வெளியே பறக்கும்.

பொரிக்கு நுரை மட்டும் காரணமாக இருக்காது. கழுத்தில் முடி நேராகக் கீழ்நோக்கி வளர்வதில்லை, பலருக்குப் பக்கவாட்டில் படிந்திருக்கும். விரலால் தடவிப் பாருங்கள், எந்தப் பக்கம் சொரசொரக்கிறதோ அது எதிர்ப்போக்கு. பொரி ஆறும்வரை அந்தப் பக்கம் பிளேடு போகக் கூடாது, அழுத்தவும் கூடாது.

பல்லடம்ரோடு:
சாயக்காரர் ஐயாவுக்கு ஒரு கும்பிடு. பாட்டில் சோதனை செய்தேன். கேன் தண்ணீர் பாட்டிலில் கழுத்துவரை நுரை. போர் தண்ணீர் பாட்டிலில் மேலே ஒரு விரல்கடை பாலாடை மாதிரி, அடியில் துகள் துகளாக மிதக்கிறது. அந்தத் துகளையா மூன்று மாதமாக முகத்தில் பூசிக்கொண்டிருந்தேன்!

இன்று காலை டம்ளர் கணக்கில் செய்தேன். பழைய நுரை வந்துவிட்டது, இடது கன்னம் முடியும்வரை ஈரமாக நின்றது. கோபி நண்பர் சொன்னபடி தடவிப் பார்த்தால், தொண்டைக்கு இடது பக்கம் முடி காதைப் பார்த்து வளர்ந்திருக்கிறது. இத்தனை வருடம் எதிர்ப்போக்கில் இழுத்திருக்கிறேன். பிரஷ் நைலான்தான், தப்பித்தேன்.

முடித்ததும் தேய்க்கலாம் என்று, வாசலில் திருஷ்டிக்குக் கட்டியிருக்கும் படிகாரத்தில் ஒரு துண்டு கேட்டேன். ஆத்தா தரவில்லை. அதைவிடப் பெரிய பிரச்சினை, "குடிக்கிற தண்ணிய மூஞ்சி வழிக்க ஊத்துறயாடா?" என்று காலையிலிருந்து பேசவில்லை. கிணறு வற்றி ஒரு குடத்துக்காக நடந்த காலத்தைப் பார்த்தவர். அவரிடம் என்ன சொல்வது?

சாயக்காரர்:
ஒன்றும் சொல்லாதீங்க தம்பி, அவர் சொல்வது நியாயம். மழை வரும்போது முதல் பத்து நிமிடம் மொட்டைமாடி கழுவி ஓடட்டும், அப்புறம் ஒரு போசியில் பிடித்து வடிகட்டி வையுங்கள். மழைத் தண்ணீரில் கடினத்தன்மை கிடையாது என்றே சொல்லலாம். அதுவரைக்கும் அரை டம்ளரே போதும். பழைய பிரஷைத் தூக்கி எறிந்துவிடவில்லையே? ஒரு கப் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் வினிகர் விட்டுப் பத்து நிமிடம் போட்டு அலசுங்கள். அடிமுடியில் பிடித்திருக்கும் சுண்ணாம்பு இளகி வந்துவிடும்.