தலைகீழாகப் பறக்கும் விமானமும் ஒரு மாணவியின் கேள்வியும்

இயற்பியல் ஆசிரியர் ஒருவரின் பகிர்வு

இறக்கையின் மேற்பரப்பு வளைந்திருப்பதால் மேலே செல்லும் காற்று கூடுதல் தூரம் கடக்க வேண்டியிருக்கிறது, கீழே செல்லும் காற்றோடு பின்விளிம்பில் ஒரே நேரத்தில் சேர்வதற்காக அது விரைகிறது, வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறைவதால் விமானம் மேலே எழுகிறது என்றுதான் பல ஆண்டுகள் நான் பாடம் நடத்தினேன். ஒரு நாள் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "அப்படியென்றால் சாகச விமானம் தலைகீழாகப் பறக்கும்போது ஏன் விழுவதில்லை, சார்?" என்று கேட்டாள். நாளை சொல்கிறேன் என்று மட்டுமே என்னால் கூற முடிந்தது.

அன்றிரவு தேடிப் படித்தபோதுதான், பிரிந்த காற்று பின்விளிம்பில் ஒரே நேரத்தில் சேர வேண்டும் என்ற விதியே இல்லை என்பதும், உண்மையில் மேலே செல்லும் காற்று முன்னதாகவே அங்கு வந்துவிடுகிறது என்பதும் தெரிந்தது. தவறாகக் கற்பித்த ஆண்டுகளை எண்ணி மிகவும் வருந்தினேன்.

மறுநாள் ஒரு மின்விசிறியையும், பின்விளிம்பில் நூல் ஒட்டிய தட்டையான அட்டையையும் கொண்டுசென்று அந்த மாணவியின் கையிலேயே கொடுத்தேன். முன்விளிம்பைச் சற்றே உயர்த்தியதும் அட்டை மேலே எழ முயன்றது. நூல் கீழ்நோக்கிச் சாய்ந்தது. இறக்கை காற்றைக் கீழே திருப்புகிறது, அதன் எதிர்வினையாகக் காற்று இறக்கையை மேலே தள்ளுகிறது, மேற்பரப்பில் அழுத்தம் குறைவதும் இதே நிகழ்வின் இன்னொரு முகம்தான் என்று அதன் பிறகே விளக்கினேன். தலைகீழாகப் பறக்கும் விமானியும் விமானத்தின் மூக்கை வேண்டிய அளவு உயர்த்தி, காற்றை இறக்கை சந்திக்கும் கோணத்தைத்தான் சரிசெய்கிறார். கோணத்தை அவள் மேலும் கூட்டியபோது நூல் தறிகெட்டுத் துடித்தது, அட்டை பின்னுக்கு இழுத்தது. வழக்கமான இறக்கைகளில் ஏறத்தாழ 15 பாகையை ஒட்டி நேரும், மேலே தள்ளும் விசை குறைந்துவிடும் இந்த நிலையைத்தான் விமானிகள் 'ஸ்டால்' என்கிறார்கள்.

ரைட் சகோதரர்களும் இப்படித்தான் கற்றார்கள். 1901-இல் அவர்களுடைய கிளைடர் (எஞ்சின் இல்லாத விமானம்) எதிர்பார்த்த தூக்குவிசையைத் தராதபோது, அக்காலத்துத் தூக்குவிசை அட்டவணைகளை அப்படியே நம்பாமல், காற்றைச் செலுத்திச் சோதிக்கும் காற்றுச்சுரங்கம் ஒன்றைத் தாங்களே செய்து ஏறத்தாழ 200 இறக்கை வடிவங்களைச் சோதித்துப் பார்த்தார்கள். 1903 டிசம்பர் 17 அன்று அவர்களுடைய விமானம் முதன்முதலில் 12 வினாடி பறந்ததற்கு அந்தச் சோதனைகளே அடித்தளம்.

விமானப் பராமரிப்புப் பொறியாளர் ஒருவரின் பகிர்வு

பணி வாய்ப்புகளைப் பற்றிப் பேச ஒரு பள்ளிக்குச் சென்றிருந்தேன். விமானத் துறைக்கு வர விரும்புவோர் யார் என்று கேட்டபோது உயர்ந்த கைகள் அனைத்தும் விமானியாக விரும்புபவை. கண்ணாடி அணிந்த ஒரு சிறுவன் மட்டும் உயர்த்திய கையை மெல்ல இறக்கிக்கொண்டான். கண்ணாடி அணிந்து பார்வை போதிய அளவு சரியாகுமானால் பயணிகள் விமானம் ஓட்டப் பொதுவாக அது தடையில்லை என்பதை முதலில் அவனுக்குச் சொன்னேன்.

பிறகு, கழித்துப்போட்ட விமானத்தின் அலுமினியத் தகடு ஒன்றை அவனிடம் நீட்டி, இதில் என்ன குறை என்று கேட்டேன். வரிசையாக இருந்த ரிவெட்டுகளை (தகடுகளை இணைக்கும் ஆணிகளை) ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டே வந்தவன், ஒன்றின் பின்னால் புகை படிந்தாற்போல நீண்டிருந்த கருங்கோட்டில் நின்றான். தளர்ந்த ரிவெட் அதிர்வில் உராய்ந்து உதிர்த்த உலோகத் துகளைக் காற்றோட்டம் இழுத்துப்போன தடம் அது. வகுப்பிலிருந்த மற்ற யாரும் அதைக் கவனிக்கவில்லை.

வான்போக்குவரத்துக் கட்டுப்பாடு, வானிலைக் கணிப்பு, மின்னணுக் கருவிகள், விபத்து ஆய்வு எனப் பிற பணிகளையும் சொன்னேன். ஆனால், பழுது பார்த்த விமானம் மீண்டும் பறக்க வேண்டுமென்றால் உரிமம் பெற்ற பொறியாளர் அதற்குச் சான்றளித்துக் கையொப்பமிட வேண்டும் என்றபோதுதான் அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். கூட்டம் முடிந்த பிறகு தனியாக வந்து, "அந்தக் கையெழுத்தைப் போட நான் என்ன படிக்க வேண்டும், சார்?" என்று கேட்டான். கணிதம், இயற்பியல், மின்னியல், காற்றியக்கவியல், அவற்றோடு பணிமனையில் சில ஆண்டு அனுபவம் என்று நான் சொல்லச் சொல்ல, உள்ளங்கையிலேயே எழுதிக்கொண்டான்.