சாமி, இனுயிட், மாவோரி பெண்கள்: நாங்கள் கண்டது

ஒஸ்லோவிலிருந்து:

2023 பெப்ரவரி கடைசியில் நோர்வேயின் எண்ணெய், எரிசக்தி அமைச்சுக்குள், வடக்கின் பூர்வகுடிகளான சாமி மக்களின் இளையோர் தரையில் உட்கார்ந்துவிட்டதை இன்ஸ்டாகிராமில்தான் முதலில் பார்த்தேன். பாடகி எல்லா மாரி ஹேட்டா இசாக்சனும் உள்ளே இருந்தார். மத்திய நோர்வேயில் ஃபோசன் என்ற இடத்தில் உள்ள காற்றாலைகள் கலைமான் மேய்க்கும் சாமி மக்களின் உரிமையை மீறுகின்றன என்று 2021 அக்டோபரிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 500 நாள் ஆகியும் அவை சுற்றிக்கொண்டுதான் இருந்தன.

வேலை முடிந்து நானும் போய் நின்றேன். பலர் காக்தி என்னும் தங்கள் பாரம்பரிய உடுப்பை உட்புறம் வெளியே தெரிய அணிந்திருந்தார்கள். பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கேட்டேன். எதிர்ப்பைக் காட்டும் பழைய வழக்கமாம்.

எனக்கு அம்மாவின் நினைவு வந்தது. 80களின் கடைசியில் வடக்கே பின்மார்க்கில் மீன் ஆலையில் வேலை செய்தவர் அவர். கூட நின்று மீன் வெட்டிய சிலர் சாமிகள் என்பது பல வருடம் கழித்துத்தான் அவருக்குத் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் சாமி மொழி பேச விடாத காலத்தில் வளர்ந்தவர்கள், வெளியில் சொல்லாமலே இருந்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பேத்தி வயதுள்ள பிள்ளைகள் இன்று அதே உடுப்போடு தங்களைத் தாங்களே படம்பிடித்துப் போடுகிறார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ரொறன்ரோவிலிருந்து:

அக்கா எழுதியதைப் படித்ததும் என்னோடு வேலை செய்த, கனடாவின் வடக்கே இனுயிட் பூர்வகுடிகள் வாழும் நுனாவுட்டைச் சேர்ந்த பெண் ஒருவர் நினைவுக்கு வந்தார். 2014இல் ஆஸ்கார் மேடையில் எடுத்த செல்ஃபி ஒன்று உலகம் முழுக்கப் பரவியதே, அதையொட்டி ஒரு பெரிய தொகை சீல் (கடல்நாய்) வேட்டையை எதிர்க்கும் அமைப்புக்குப் போனது. இனுயிட் மக்களுக்கு சீல் என்றால் சாப்பாடு, குளிருக்கு உடை, கொஞ்சம் வருமானம். அவர்கள் சீல் தோல் உடுப்போடு ‘சீல்ஃபி’ என்று படங்களைப் போட ஆரம்பித்தார்கள். அதை முன்னெடுத்தவர்களில் இயக்குநர் அலேத்தியா அர்னாக்குக் பரில் முக்கியமானவர். பாடகி தான்யா தகாக் தன் கைக்குழந்தை ஒரு சீலுக்குப் பக்கத்தில் இருக்கும் படத்தைப் போட்டதற்கு வந்த மிரட்டல்கள் சொல்லத் தரமில்லாதவை. அந்த நுனாவுட் பெண்ணும் அப்போது தன் அம்மா தைத்த கையுறையோடு படம் போட்டிருந்தார். எனக்கு அதைக் காட்டும்போது, ஒவ்வொரு தையலையும் விரலால் தொட்டுக் காட்டினார்.

ஆக்லாந்திலிருந்து:

இங்கே நியூசிலாந்தில் 2024 நவம்பரில் மாவோரி பூர்வகுடி எம்.பி. ஹானா ராவ்ஹிதி மைபி கிளார்க் நாடாளுமன்றத்தில் மசோதாவைக் கிழித்து, ஹாக்கா என்னும் மாவோரி நடனம் ஆடிய வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மாவோரி தலைவர்களும் பிரிட்டிஷ் அரசும் 1840இல் செய்த வைதாங்கி ஒப்பந்தத்துக்குப் புது விளக்கம் தரப் பார்த்த மசோதா அது. என் மகளின் மாவோரி தோழிகள் ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று சின்னச் சின்ன வீடியோக்களில் விளக்கினார்கள். எனக்குப் புரிய வைத்ததும் அவர்கள்தான். 2025 ஏப்ரலில் 112க்கு 11 என்று மசோதா தோற்றது.

அக்கா, ஃபோசனில் அப்புறம் என்ன ஆனது?

ஒஸ்லோவிலிருந்து:

பிரதமர் மன்னிப்புக் கேட்டார். 2023 டிசம்பரில் ஃபோசனின் தெற்கே கலைமான் மேய்க்கும் குழுவோடும், 2024 மார்ச்சில் வடக்குக் குழுவோடும் உடன்பாடு வந்தது. காற்றாலைகளை அகற்றவில்லை.