கேக் மாவை பேக்கரிக்குக் கொடுத்தனுப்பிய வீடு உங்களுடையதா?

பெரம்பூர் பேத்தி:
பாட்டி வீட்டில் கேக் சுடும் ஓவன் கிடையாது. டிசம்பர் வந்தால் ரயில்வே குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்திய ஆன்ட்டியோடு உட்கார்ந்து கேக் மாவு கலப்பார். அலுமினியத் தட்டில் ஊற்றி, பெயர்ச் சீட்டு வைத்துக் கொடுப்பார். தெருமுனை பேக்கரிக்கு நான்தான் தூக்கிப் போவேன். காலையில் போனால் கேக். தோசைக்கல்லும் இட்லிப் பானையும் வாணலியும் இருந்த சமையலறைக்குள் ஓவன் மட்டும் வரவே இல்லை. உங்கள் பக்கம் எப்படி?

பேக்கரி மாஸ்டர் மகன்:
அப்பா வேப்பேரியில் மாஸ்டர். விறகு அடுப்பு. முதல் சூட்டில் ரொட்டி, பன். சூடு இறங்கிய பிறகுதான் வீட்டுக் கேக்குகள். அடுப்புத் தரையில் ஒரு சிட்டிகை மைதா தூவுவார். சட்டென்று கருகினால் காத்திருப்பார், மெதுவாகப் பொன்னிறமானால் தட்டுகளை உள்ளே தள்ளுவார். பட்டாளமும் ரயில்வேயும் வந்ததால்தான் அந்தப் பக்கம் இத்தனை பேக்கரி. பெரம்பூர் பாரக்ஸ் ரோடு ஸ்மித் ஃபீல்ட் பேக்கரி 1885-லிருந்து இருக்கிறது.

திருவல்லிக்கேணி:
எங்களுக்கு ஓவனே தேவைப்படவில்லை. தம் ரோட் சாப்பிட்டிருக்கிறீர்களா? ரவை, பால், சர்க்கரை, நெய், முந்திரி. கிளறித் தட்டில் கொட்டி மூடி, கீழேயும் மூடி மேலேயும் கரி நெருப்பு. மேல்தோல் கருஞ்சிவப்பாகும், உள்ளே நெய் கசியும். முஹர்ரம் சமயத்தில் வீட்டில் கட்டாயம் உண்டு. ஆற்காடு நவாப் 1768-ல் சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டி இங்கே வந்தார். அந்தச் சமையல் இந்தத் தெருக்களில் தங்கிவிட்டது.

யாழ்ப்பாணத்து மருமகள், வளசரவாக்கம்:
ரொட்டி சுடும் அடுப்பை எங்கள் ஊரில் போறணை என்போம். போர்த்துக்கீசிய ஃபோர்னோதான் அது. நீங்கள் சொல்லும் பிஸ்கோத்தும் அவர்கள் கொடுத்த சொல். 1520-களிலேயே சாந்தோமில் குடியேறியவர்கள் அல்லவா? அப்புறம், இங்கே கிறிஸ்துமஸுக்கு ரோஸ் குக்கி என்று தருகிறார்களே, என் மாமியார் தீபாவளிக்குச் சுடும் அச்சு முறுக்கு அதே அச்சில்தான் வருகிறது. அங்கே சிங்களவர் புத்தாண்டுக்குச் செய்யும் கொக்கிஸும் அதுவே. அந்தப் பெயர் டச்சுக்காரர்களுடையது.
பேத்தி, ஒரு சந்தேகம். அந்தச் சீட்டு கருகிப்போகாதா?

பெரம்பூர் பேத்தி:
கருகும்! ஒரு வருஷம் எங்கள் தட்டு வேறு வீட்டுக்குப் போய்விட்டது. அதற்கப்புறம் பாட்டி தட்டின் விளிம்பில் ஆணியால் 'ச' என்று கீறிவிட்டார். தட்டு இப்போது என் வீட்டில்தான் இருக்கிறது. மாஸ்டர் மகன், அடுப்பு எவ்வளவு நேரத்தில் கேக் பதத்துக்கு இறங்கும் என்று அப்பாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்.