பையன் போனை விடமாட்டேன் என்கிறான். தப்பு என் வளர்ப்பிலா?

எடிசன் அம்மா:
நியூ ஜெர்சியில் எடிசன் நகரில் இருக்கிறோம். பையனுக்கு 11 வயது. தினமும் இரவு 9 மணிக்குப் போனை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவேன். போன வாரம் விடியற்காலை 2 மணிக்கு எழுந்து பார்த்தால், பள்ளியில் கொடுத்த லேப்டாப்பைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு குட்டிக் குட்டி வீடியோவாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான். திட்டினேன். "நிறுத்தணும்னுதான்மா நினைச்சேன், அடுத்தது தானா வந்துடுது" என்று அழுதுவிட்டான். அந்தப் பேச்சு இன்னும் காதிலேயே இருக்கிறது. ஊரிலிருந்து மாமியார், "உனக்குக் கண்டிப்பு போதாது" என்கிறார். நூவார்க்கில் இருக்கும் சீட்டன் ஹால் சட்டக் கல்லூரிப் பேராசிரியர் கையா பெர்ன்ஸ்டீன் இதைப் பற்றி எழுதியிருப்பதாகத் தோழி சொன்னாள். யாராவது படித்தீர்களா?

வாசகி செல்வி:
படித்தேன் அக்கா. 2023இல் வந்த 'அன்வயர்ட்'. முதலில், மாமியார் சொன்னதை மனதில் போட்டுக்கொள்ளாதீர்கள். உங்கள் பையன் அழுதுகொண்டு சொன்னதுதான் அந்தப் புத்தகத்தின் அடிப்படையே. முடிவில்லாமல் ஓடும் பக்கம், தானாகத் தொடங்கும் அடுத்த வீடியோ எல்லாம் யோசித்துச் செய்த வடிவமைப்பு. அதை டைமரும் மன உறுதியும் வைத்து வீடு வீடாக எதிர்த்து நிற்க முடியாது, சட்டம் வரவேண்டும் என்கிறார்.

சிகரெட் கதையை அவர் எடுத்துக்காட்டுவது எனக்கு மிகவும் பிடித்தது. "புகைப்பது அவரவர் விருப்பம்" என்று சொல்லியே கம்பெனிகள் பல பத்தாண்டுகள் வழக்குகளிலிருந்து தப்பித்தன. நிகோடின் ஆளை அடிமையாக்கும் என்பது அவர்களுக்கு முன்பே தெரியும் எனக் காட்டும் உள் ஆவணங்கள் 1990களில் வெளியே வந்த பிறகுதான் நிலைமை மாறியது. 1998இல் 46 மாநிலங்களோடு உடன்பாட்டுக்கு வந்தார்கள். விளம்பரத்தில் கார்ட்டூன் உருவம் கூடாது என்பதுகூட அதில் இருக்கிறது. அதே பாதைதான் இப்போதும் தெரிகிறது. 2021இல் ஃபேஸ்புக்கின் உள் ஆவணங்களை அங்கே வேலை பார்த்த பிரான்சஸ் ஹாகன் வெளியே கொண்டுவந்தார். 2023 அக்டோபரில் 41 மாநிலங்கள் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா மீது வழக்குப் போட்டன. நம் நியூ ஜெர்சியும் அதில் உண்டு.

டெக்சாஸ் குமார்:
சிகரெட் ஒரு பொருள். இது பேச்சு, படம், கருத்து. வன்முறை வீடியோ கேம்களைச் சிறுவர்களுக்கு விற்கக் கூடாது என்று கலிபோர்னியா போட்ட சட்டத்தை 2011இல் உச்ச நீதிமன்றம் 7-2 என்று தள்ளிவிட்டதே? அப்புறம், வயதைச் சரிபார்க்கிறேன் என்று எல்லோருடைய அடையாள அட்டையையும் இந்தக் கம்பெனிகளிடமே கொடுக்க வேண்டிவரும். எனக்கு அது சரியாகப் படவில்லை.

வாசகி செல்வி:
அடையாள அட்டை விஷயத்தில் எனக்கும் அதே பயம் உண்டு அண்ணா. ஆனால் அந்த வழக்கு விளையாட்டுக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பற்றியது. 2024 ஜூனில் கையெழுத்தான நியூயார்க் சட்டம் எந்த வீடியோவையும் தடுக்கவில்லை. 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு, பெற்றோர் சம்மதம் இல்லாமல், ஆசையைக் கணித்து அடுத்தடுத்து நீட்டும் பதிவு வரிசையை (ஃபீட்) காட்டக் கூடாது, நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை அந்த வரிசை பற்றி அறிவிப்பு அனுப்பக் கூடாது என்கிறது. தொழில்நுட்ப நிறுவனங்கள் நீதிமன்றத்தில் இதையும் பேச்சுரிமை என்றுதான் வாதாடும். இருந்தாலும் கை வைக்க வேண்டிய இடம் வடிவமைப்புதான் என்பது என் உறுதியான எண்ணம்.

எடிசன் அம்மா:
ரொம்ப நன்றி செல்வி. விடியற்காலை 2 மணி என்று எழுதினேன் இல்லையா, அந்த அறிவிப்பு நேரத்தைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது. அடுத்த செவ்வாய்க்கிழமை பள்ளியில் பெற்றோர் கூட்டம். இரவில் லேப்டாப்பில் வீடியோ ஓடாதபடி அவர்கள் பக்கத்திலேயே நிறுத்த முடியுமா என்று கேட்கப்போகிறேன். பையனையும் கூட்டிப்போகிறேன், அவன் சொன்னதை அவனே அங்கே சொல்லட்டும்.